வெயிலும் பனியும் சேர்ந்து பட்ட செடி

செடிக்குக் கஷ்டம் கொடுத்து, அதன் மரபணுக்கள் என்ன செய்கின்றன என்று பார்ப்பதுதான் எங்கள் தொழில். இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்த நான், தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தேயிலை ஆய்வுகூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். நாள் முழுக்க நின்று கால் வீங்கிய ஆய்வுகூடத்து உறவுகளே, இது உங்களுக்காக.

புகைகிற குடுவை

மாசியில் நானுஓயா பக்கம் பகலெல்லாம் வெயில் காயும். விடியும்போது புல்லில் பனி உறைந்திருக்கும். அப்படி ஒரு மலையே கருகிக் கிடந்தபோது, நடுவில் ஒரு செடி மட்டும் பச்சையாக நின்றது. கிள்ளிய இலையை உடனே திரவ நைதரசனில் போட்டு உறைய வைக்க வேண்டும். தாமதித்தால் மரபணுக்கள் விடுகிற செய்தி சிதைந்துவிடும். குடுவையைத் திறந்தேன், வெள்ளைப் புகை கொட்டியது. பக்கத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த முத்தம்மா அக்கா ஓடி வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, வெயில்லயும் பனியிலயும் சாவாத செடிய நீ வந்து சாவடிக்கிறியே!"

குழாயில் தேத்தண்ணி

அந்தச் செய்தியை இலையிலிருந்து பிரித்தெடுப்பது பெரும்பாடு. தேயிலையின் சாயம் எல்லாவற்றையும் பழுப்பாக்கிக் கெடுத்துவிடும். இரண்டு மாதம் இப்படியே வீணாய்ப் போனது. எங்கள் தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர், சேர் என்போம். ஒருநாள் தேத்தண்ணி நிறத்தில் இருந்த என் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பிள்ளை, இதைக் குடிக்கலாம், வாசிக்கேலாது."

மூன்றாவது கூட்டம்

சாயத்தைப் பிடிக்கிற பொடியைக் கூட்டிப் போட்டு ஒருவழியாகத் தெளிய வைத்தேன். பச்சையாக நின்ற செடியின் தண்டிலிருந்து வளர்த்த கன்றுகளை மூன்று கூட்டமாகப் பிரித்திருந்தோம். ஒன்றுக்குத் தண்ணீர் இல்லை. ஒன்றுக்குக் குளிர். மூன்றாவதற்கு இரண்டும். வறட்சிக்குச் சில மரபணுக்கள் விழித்தன, குளிருக்கு வேறு சில. இரண்டும் சேர்ந்தபோதோ, தனித்தனியாகக் கஷ்டப்பட்ட எதிலும் விழிக்காத ஒன்று விழித்தது! சோதனை முடிவு பதிகிற எக்ஸ்ரே படத்தில் அது ஒரு கறுப்புக் கோடு.

சேர் நம்பவில்லை. "குழாய் மாறிப்போச்சு" என்றார்.

நான் குழாய்களை அவர் முன்னால் நகர்த்தி வைத்தேன். "மாறலீங்க சேர். நீங்களே நம்பர் போட்டுத் தாங்க. எது எதுன்னு எனக்குச் சொல்லவே வேணாம்."

தந்தார். மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும், இரண்டு கஷ்டமும் பட்ட கன்றுகளில் மட்டும் அதே கோடு. சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிழை என்ர பக்கம். கட்டுரையில உம்மட பேரும் வரவேணும்."

அச்சில் வந்த பேர்

கட்டுரை வந்ததும் ஹட்டன் பஸ்ஸில் மடியில் வைத்தபடி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. என் பேரைக் காட்டினேன். சேலையில் கையைத் துடைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தார். முன்னால் இருந்த ஓர் எழுத்து என்னவென்று கேட்டார். அப்பா பேர் என்றேன்.

"ஒத்த எழுத்துதானா? முழுசா போடச் சொல்லுடி!"

கொழுந்து பறிக்கிற வேலை எனக்கு வேண்டாமென்றுதான் வீட்டில் படிக்க வைத்தார்கள். நான் இன்றும் இலை கிள்ளித்தான் பிழைக்கிறேன், என்ன, ஒரு தடவைக்கு ஒன்று.