அப்பாவை அளந்து பார்த்த மனிதர்

தொண்ணூறுகளில் என் குளிர்காலங்கள் பெரும்பாலும் கனடாவில், ஸ்கார்பரோவின் ஐஸ் அரங்குகளிலேயே கழிந்தன. ஹொக்கி விளையாடும் தம்பியைக் காரில் கொண்டுபோய் விட்டு, முடியும்வரை விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வேலையில்லாத நாட்களில் அப்பாவும் வருவார்.

தம்பி அவன் அணியிலேயே குள்ளன். ஆனால் மற்றவர்கள் எங்கே ஓடப்போகிறார்கள் என்பது அவர்களுக்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும். பக் என்கிற அந்த ரப்பர் வட்டை அவன் தள்ளிவிடும் இடத்தில் நின்று மட்டையை நீட்டினாலே கோல்தான். அப்படி நீட்டியே பெயர் வாங்கினான் அவனுடைய சிநேகிதன், ஆறடியைத் தாண்டி வளர்ந்த ஒரு வெள்ளைக்காரப் பையன்.

பெரிய அணிகள் இளம் ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்யும் நாளை ட்ராஃப்ட் என்பார்கள். அதற்கு முந்திய மாதங்களில் ஆள் பார்க்க ஸ்கவுட்டுகள் வருவார்கள். அப்படி ஒருநாள் எனக்குப் பின்னால் ஒரு ஸ்கவுட் இருந்தார். தம்பி அற்புதமாக ஒரு கோலுக்கு வழி செய்தபோது, அவர் பக்கத்து ஆளுக்குத் தன் ஏரிக்கரை வீட்டுக் கூரையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். பிறகு என் தோளைத் தட்டினார். அந்தச் சின்னவன் உன் தம்பியா, அப்பா வந்திருக்கிறாரா என்று கேட்டார். நான் பூரித்துப்போய் அப்பாவைக் காட்டினேன். அப்பா மரியாதைக்கு எழுந்து நின்றார்.

அந்த மனிதர் அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். "பையன் இனி வளரமாட்டான்" என்று பக்கத்து ஆளிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மறுபடியும் கூரைக்குப் போய்விட்டார். மாடு வாங்க வருகிறவன்கூட மாட்டைத்தான் பார்ப்பான்.

"என்னவாம் பிள்ளை?" என்றார் அப்பா.

"நல்லா விளையாடுறானாம் அப்பா."

ட்ராஃப்ட் அன்று எங்கள் வீட்டுத் தொலைபேசி ஒருமுறைதான் அடித்தது. பக்கத்து மில்லிக்கனிலிருந்து எங்கள் ஆட்களில் ஓர் அங்கிள். "உதுக்குத்தான் அப்பவே சொன்னனான், கொம்பியூட்டர் படிக்க விடுங்கோ எண்டு. எங்கட ஆக்களுக்கு உது சரிவராது." அவர் ஒருநாளும் அரங்கின் வாசலை மிதித்தவரல்ல. அந்த ஸ்கவுட்டாவது குளிரில் வந்து உட்கார்ந்தார்.

தம்பியின் நெட்டைச் சிநேகிதனைத் தெரிவு செய்திருந்தார்கள். மறுநாள் அந்த அணியின் புதுத் தொப்பியோடு வீட்டுக்கு வந்தவன், தம்பியைக் கண்டதும் அதைக் கழற்றிவிட்டான். "எனக்கு வெட்கமாக இருக்கிறது" என்றான். இவர்கள் எல்லோரிலும் அவனுக்குத்தான் ஆட்டம் தெரிந்திருந்தது.

அவனை ஏதோ தொலைதூர ஊரின் சிறிய அணிக்கு அனுப்பினார்கள். தம்பி இல்லாத அந்த அணியில், பந்தியில் பரிமாற ஆளில்லாத இடத்தில் இலையை விரித்தவன்போல நின்றுவிட்டு, சில காலத்தில் திரும்பி வந்தான்.

தம்பி பல்கலைக்கழக அணிக்கு விளையாடினான். அங்கே ஒருநாள் அதே ஸ்கவுட் என்னைக் கண்டு சிரித்தார். "உன் தம்பியை அன்றைக்கே எனக்குப் பிடித்திருந்தது" என்றார்.

"அன்றைக்கு நீங்கள் அவனைப் பார்க்கவேயில்லை" என்றேன். கோப்பியை ஒரு மிடறு குடித்துவிட்டு நகர்ந்துபோனார்.

படிப்பு முடிந்ததும் தம்பி பொறியியல் வேலைக்குப் போனான். அவனுக்கு யார்மீதும் கோபமில்லை. எனக்கு இருக்கிறது. அதை விடுகிற எண்ணமும் இல்லை.