பூட்டின் மேல் ஒரு கையெழுத்து

இந்த ஊரில் ஒரு படகு கைமாறும்போது யாரும் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. ஹாம்பர்க் நகரத்தின் எல்பே ஆற்றில் ஓடும் பயணப் படகைச் சொல்கிறேன். நம் ஊர் டவுன் பஸ் மாதிரிதான். மாதச் சீட்டைக் காட்டி ஏறிக்கொள்ளலாம். காலை ஒன்பது மணிக்கு எங்கள் துறையில் ஓட்டுநர் மாறுவார். புதிதாக வருபவர் ஒரு பெண்மணி. ஐம்பதைத் தாண்டியவர், நரைத்த முடியை ரப்பர் பேண்டால் இறுக்கியிருப்பார், கையில் காபிக் குடுவை. சுக்கானருகே இருக்கும் மனிதர் எழுந்து, "டைன் ஷிஃப்" என்பார். உன் கப்பல் என்று அர்த்தம். அவ்வளவுதான். அவர் இறங்குவார், இவர் உட்காருவார், படகு மூடுபனிக்குள் போய்விடும். முப்பத்துநான்கு வருஷம் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் உட்கார்ந்து, பொறுப்பு ஒப்படைப்பு அறிக்கைகளை மூன்று படிகளில் தயாரித்தவன் நான். எங்காவது பதிவேட்டை ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று பல நாள் எட்டிப் பார்த்தேன். இல்லை. இன்னொன்றும் கவனித்தேன். ஒரு பெண் இத்தனை பேரை ஏற்றிக்கொண்டு கண் தெரியாத வெண்மைக்குள் போகிறாள், பயணிகளில் ஒருவரும் தலை நிமிர்வதில்லை. நான் ஒருவன்தான் நிமிர்ந்து பார்க்கிறேன்.

மனைவி போன பிறகு மகள் நிர்மலா என்னை இங்கே அழைத்துக்கொண்டாள். அவள் விமானத் தொழிற்சாலையில் பொறியாளர். அவளுக்குக் கீழே பதினோரு பேர். நான் தினமும் படகில் போய் அதே படகில் திரும்புகிறேன். பனி நாட்களில் அக்கரைத் துறைமுகத்தின் பளுதூக்கி இயந்திரங்கள் முதலில் கால்களை இழக்கும், பிறகு கழுத்தை. கடைசியில் எதுவும் இராது. அந்த வெறுமையில், யாரும் கேட்காமலே, வடசென்னை எண்ணூரின் புகைபோக்கிகள் ஒவ்வொன்றாக முளைக்கும். எங்கோ ஒரு கப்பல் சங்கு ஊதும். அது எல்பேயா காசிமேடா என்று என் காதுக்குத் தெரியாது. அப்படி ஒரு காலையில்தான் தொலைபேசி ஒலித்தது. அங்கே மதியச் சாப்பாட்டு நேரம்.

"சார், பிலோமினா பேசுறேன். ஸ்டோர்ஸ் பிலோமினா. உயிரோட கீறீங்களா?"

"இருக்கேம்மா."

"அப்பாடா. நீங்க கண்டி இல்லன்னா எங்கதை கந்தல்."

பிலோமினா ராயபுரம் கல்மண்டபத்துக்காரி. துறைமுகத்தில் வேலை பார்த்தவரின் மகள். திருவொற்றியூரில் எங்கள் வார்ப்புத் தொழிற்சாலையின் கிடங்கில் எழுத்தராகச் சேர்ந்தவள். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அங்கே எழுத்தர்தான். இப்போது கிடங்கு மேலாளர் பதவி காலியாகி, விண்ணப்பித்திருக்கிறாள். அந்தப் பதவிக்கு ஓராண்டு தனிப்பொறுப்பு வகித்திருக்க வேண்டும் என்பது விதி. நேற்று பணியாளர் பிரிவில் அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள்: பதிவேட்டின்படி நீங்கள் ஒரு நாள்கூடப் பொறுப்பில் இருந்ததில்லை.

"ஒரு நாளு கூடவா சார்? இருவது வருசமா அந்தக் கொடோன பூட்டி தொறந்தது இன்னா, பேயா? அடுத்த மாசம் கமிட்டி. இத வுட்டா எனுக்கு இன்னொரு கமிட்டி கெடையாது. மே மாசத்தோட ரிட்டேரு."

அந்தப் பதிவேட்டை எழுதியவன் நான்.

எப்படி எழுதினேன் என்று சொல்கிறேன். கிடங்கு மேலாளர் விடுப்பில் போவார். போனால் ஒரு மாதம், இரண்டு மாதம். அவர் மாறிப் போவார், புதியவர் வர ஆறு மாதம் ஆகும். அந்நாட்களிலெல்லாம் கிடங்கை நடத்தியது பிலோமினா. ஆனால் நான் வெளியிட்ட ஆணை ஒவ்வொரு முறையும் இப்படி இருக்கும்: 'பராமரிப்புப் பிரிவுப் பொறியாளர் தம் பணிகளுடன் கிடங்கையும் கூடுதலாகக் கவனித்துக்கொள்வார். எழுத்தர் திருமதி பிலோமினா அவருக்கு உதவி செய்வார்.' அந்தப் பொறியாளருக்குக் கிடங்கின் வாசல் கிழக்கா மேற்கா என்பதே தெரியாது. பெண்ணுக்குப் பொறுப்புத் தரக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. நான் தேடியிருக்கிறேன், இருந்திருந்தால் பத்தி எண்ணோடு மேற்கோள் காட்டியிருப்பேன். 'லாரிக்காரங்க, லோடுமேனுங்க நடுவுல லேடீஸ மாட்டி விடாதீங்க' என்று மேலே ஒருவர் வாய்மொழியாகச் சொன்னார். வாய்மொழியை ஏற்காதே, எழுத்தில் கேள் என்று எல்லாருக்கும் பாடம் எடுத்த நான், இந்த ஒரு விஷயத்தில் எழுத்தில் கேட்கவில்லை. அந்த வாக்கியத்தின் கச்சிதத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. வேலை ஒருத்தியிடம், பெயர் ஒருவனிடம். தணிக்கைக்கு நூல் இழைகூடச் சிக்காது.

ஒருமுறை ஆய்வுக்காகக் கிடங்குக்குப் போயிருந்தேன். நல்ல மழை. சாத்தாங்காட்டிலிருந்து இரும்புத் தகடு ஏற்றி வந்த லாரி நின்றிருந்தது. வெளியூர் ஓட்டுநர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, "இன்சார்ஜ் சார் எங்கேம்மா? அவர வரச் சொல்லு" என்றான். சுமைதூக்கும் தொழிலாளர்களின் தலைவர் மாரி பீடியை எறிந்துவிட்டுச் சிரித்தார். "நைனா, அதாம்பா இன்சார்ஜி. மொறச்சிக்கினு நிக்குது பாரு. அதுகைல சலாம் வெச்சாத்தான் உன் வண்டி காலியாவும்." பிலோமினா சிரிக்கவில்லை. குடையை என்னிடம் நீட்டிவிட்டு லாரி மேல் ஏறி, தகடுகளில் சுண்ணாம்பால் எழுதியிருந்த எண்களைச் சீட்டோடு ஒப்பிட்டாள். "இது நம்ம ஆர்டரு கனம் இல்ல. எறக்காத மாரி அண்ணே. வண்டி திரும்பட்டும்." வண்டி திரும்பியது. நான் அவள் குடையைப் பிடித்தபடி நின்றிருந்தேன். அந்த மாதமும் ஆணைப்படி பொறுப்பில் இருந்தவர் பொறியாளர்தான்.

அன்று என் பையில் இனிப்பு இருந்தது. நிர்மலாவுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. பிரிவு பிரிவாகப் போய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன். பிலோமினா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்தாள்.

"சார், அந்த ஆர்டர்ல 'உதவி செய்வார்'னு வருதே, அத எடுத்துட்டு என் பேர மட்டும் போடுங்களேன்."

"அது ஃபார்மெட்டும்மா."

"ஃபார்மெட்டா? எங்க அத்த மீனு விக்குது சார். தராசு எவ கைல கீதோ அவதான் யாவாரின்னு அதுக்குக் கூடத் தெரியும்." இனிப்பைக் கடித்தாள். "பொண்ணு நல்லா படிக்கட்டும் சார். மாதாவ வேண்டிக்கிறேன். அதுக்கு ஆர்டர் எழுதறவன் மட்டும் உங்களாட்டம் இல்லாம இருக்கட்டும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். இனிப்புப் பெட்டியை மூடிக்கொண்டு அடுத்த பிரிவுக்குப் போனேன்.

அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகு நான்கைந்து நாள் படகில் போய்வந்தேன். என் அனுபவத்தில், ஆவணம் இல்லாத சம்பவம் நடக்காத சம்பவம். அதை நானே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். ஐந்தாம் நாள் பனி மிகவும் கனமாக இறங்கியிருந்தது. படகு நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. அரைத் தூக்கம் போன்ற அந்த நிலையில் ஒரு பூட்டு கண்முன் வந்தது. கிடங்கின் பெரிய பித்தளைப் பூட்டு. அதன் மேல் ஒட்டிய வெள்ளைக் காகிதச் சீட்டு.

மாலையில் கிடங்கைப் பூட்டியதும் ஒரு சீட்டில் தேதியிட்டு, கையெழுத்துப் போட்டு, பூட்டுக்கும் கொண்டிக்கும் சேர்த்து ஒட்ட வேண்டும். இடையில் யாராவது திறந்தால் சீட்டு கிழிந்து காட்டிக்கொடுக்கும். காலையில் திறக்கும்போது அது கிழிந்துதான் ஆகும்; பாதி பூட்டோடு வரும், பாதி கொண்டியில் நிற்கும். ஒரு தணிக்கைக்குப் பிறகு நான் சுற்றறிக்கை விட்டேன்: கிழிந்த இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பதிவேட்டில் ஒட்டிப் பாதுகாக்க வேண்டும், பசையில் பூச்சி வராமல் மயில்துத்தம் கலக்க வேண்டும், பொறுப்பில் இருப்பவர் தவிர வேறு எவர் கையெழுத்தும் செல்லாது. தொழிற்சாலையே சிரித்தது. அந்தச் சுற்றறிக்கையில் ஒரே ஒரு பிழை செய்திருந்தேன், என் வாழ்நாளில் செய்த ஒரே நடைமுறைப் பிழை. எத்தனை ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்று எழுத மறந்துவிட்டேன். கெடு இல்லாத பதிவேட்டை யாராலும் அழிக்க முடியாது.

கரை வந்ததும் பிலோமினாவைக் கூப்பிட்டு, அந்தப் பதிவேடுகளைத் தேடச் சொன்னேன். மறுநாள் அவள் ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டுப் பேசினாள்.

"பரண் மேலயே கீது சார். பதினாலு பொஸ்தகம்! எலி கூடத் தொடல. மேனேஜரு இல்லாத நாளு மொத்தமும் எங்கையெழுத்து. நடுவுல கிழிஞ்சி, ஒட்டி, கிழிஞ்சி, ஒட்டி."

நாங்கள் இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு மூன்று நாள்தான். பணியாளர் பிரிவின் இளைஞர் ஒருவர் பதிவேடுகளைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி எழுப்பியிருந்தார். கேள்வியின் நேர்த்தியைப் பார்த்தால் என் வாரிசு என்றே சொல்லலாம். ஆணைப்படி பொறுப்பில் இருந்தவர் பொறியாளர். பொறுப்பில் இருப்பவர்தான் சீட்டில் கையெழுத்திடலாம். அப்படியென்றால் இத்தனை ஆண்டும் அதிகாரமின்றிக் கையெழுத்திட்டதற்கு இந்த அம்மாள் மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?

"இன்னா சார் நீ, கெணறு வெட்ட பூதம் வந்துகினு கீது." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "போஸ்ட்டு வேணாம் சார். கடைசி நேரத்துல மெமோ குடுத்து அனுப்பாம இருந்தா போதும். எங்கப்பா வூட்டுக்காரன் எவனும் மெமோ வாங்கினது இல்ல."

ஆணையிலும் சுற்றறிக்கையிலும் இருந்தது என் கையெழுத்து. என் ஆணை, அவள் சீட்டு, இரண்டில் ஒன்று பொய். எது என்று சொல்லக்கூடியவன் படகில் போய்வந்துகொண்டிருந்தான்.

அன்று மாலை உட்கார்ந்து எழுதினேன். முதல் வரைவில் 'நிர்வாகச் சூழல் கருதி அக்காலத்தில் பின்பற்றப்பட்ட மரபின்படி' என்று ஆரம்பித்திருந்தேன். நிர்மலா தோளுக்குப் பின்னால் நின்று, நான் குறிப்புக்காக எழுதி வைத்திருந்த பழைய ஆணை வாசகத்தையும் படித்தாள்.

"உதவி செய்வாரா?" என்றாள். "அப்பா, நீ எனக்கு எழுதியிருந்தா இப்படித்தான் எழுதியிருப்பியா?"

தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எடுத்தேன். 'நான் வெளியிட்ட ஆணைகள் உண்மைக்கு மாறானவை. அவை எழுதப்படும்போதே அது எனக்குத் தெரியும். கிடங்கின் முழுப் பொறுப்பும் திருமதி பிலோமினாவிடமே இருந்தது. பூட்டுச் சீட்டுகளே சரியான ஆவணம்.' நான்கு வாக்கியம். என் பணிக்காலத்தில் இவ்வளவு சிறிய கடிதம் எழுதியதில்லை.

கையெழுத்துக்குச் சான்று வாங்க இங்குள்ள வட்டார அலுவலகத்துக்குப் போனேன். ஒவ்வொரு நவம்பரிலும் ஓய்வூதியத்துக்காக, நான் உயிரோடிருப்பதாகச் சான்று வாங்கும் இடம் அது. அந்தச் சான்றிதழுக்கு ஜெர்மன் மொழியில் உள்ள பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பாதி உயிர் போய்விடும். முகப்பில் இருந்த பெண் என்னை அடையாளம் கண்டு, சிரித்து, அந்தப் படிவத்தையே எடுத்தாள். "லேபன்?" என்றாள். வாழ்வு.

தலையசைத்து மறுத்தேன். அவள் முகம் மாறியது. ஒருவர் நேரில் வந்து நின்று, நான் உயிரோடில்லை என்று சொன்னால் யாருக்கும் மாறும். எனக்குத் தெரிந்த கொஞ்சம் ஜெர்மனில் விளக்கினேன்: "நான் அல்ல. ஒரு பெண். இருபது வருடம். அவள் இருந்தாள்." அவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்து, மென்மையாக ஏதோ சொன்னாள். இறந்துபோன மனைவிக்காக வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். கடைசியில் என் கையெழுத்துக்கு மட்டும் முத்திரை வைத்தாள். உள்ளே எழுதியிருப்பது உண்மையா என்று பார்ப்பது தங்கள் வேலையில்லை என்பதைச் சைகையில் சொன்னாள். அது எனக்கு நன்றாகவே தெரியும். நானும் முப்பத்துநான்கு வருஷம் அதைத்தான் செய்தேன்.

கடிதத்தை அனுப்பினேன். குழு கூடியது. பதினைந்து நாள் சத்தமே இல்லை. பிறகு ஒரு காலை, படகு நடு ஆற்றில் இருக்கும்போது ஒரு படம் வந்தது. முந்தின மாலை எடுத்தது. சாய்ந்த வெயில், பித்தளைப் பூட்டு, அதன் மேல் புதிய சீட்டு. தேதி. கையெழுத்து. அதற்குக் கீழே, சுற்றறிக்கையில் சொன்னபடியே, பதவி: கிடங்கு மேலாளர். கூடவே அவள் குரல்.

"அஞ்சு மாசந்தான் சார். இன்னா இப்போ, அஞ்சு மாசமாச்சும் என் பேர்ல பூட்டு தொங்கட்டும். மாரி அண்ணன் பேரன் இப்போ இங்கதான் லோடு எறக்குறான், மேனேஜரம்மான்னு கூப்டுறான், எனுக்கே திரும்பிப் பாக்கத் தோணுது, யார கூப்டுறான்னு. அப்புறம் சார், ஊருக்கு வந்தா நேரா உள்ள வந்துடாதீங்க. கேட்ல பாஸ் வாங்கணும். பாஸ்ல நாந்தான் கையெழுத்துப் போடணும்."

பாராட்டிக்கொள்ள எனக்கு எதுவுமில்லை. இருபது ஆண்டில் தந்திருக்க வேண்டியதில் ஐந்து மாதம். அதுவும் ஒரு மறதியின் தயவில். மேலே சுக்கானருகே அந்தப் பெண்மணி குடுவையைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டுப் பனிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கரையில் பளுதூக்கிகள் கரைய, வழக்கம்போல் புகைபோக்கிகள் வந்து நின்றன. திருவொற்றியூரில் கிடங்கு திறக்கும் நேரத்தில் இங்கே இன்னும் விடிந்திருக்காது. இனி ஒவ்வொரு நாளும், நான் போர்வைக்குள் கிடக்கும்போது, அங்கே பிலோமினா சாவியைத் திருப்புவாள். சீட்டு கிழியும். பாதி அவள் கையோடு வரும். மற்ற பாதி, திறந்து கிடக்கும் அந்தக் கதவின் கொண்டியில், மறு பாதிக்காகக் கடற்காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.