கோயிலடியில் மிஞ்சிய செருப்பு

எங்கள் ஊர் வெள்ளைக்கல்லுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இந்தத் தண்ணியில குளிக்கலாமா?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது குளமா என்ன? வெடி வைத்துச் சுண்ணாம்புக்கல் எடுத்த குழி. பல்லேகல தாண்டி வந்தால் சூளைப் புகைபோக்கி மொட்டையாக நிற்கும். ஒரு காலத்தில் கண்டி டவுனில் வெள்ளையடித்த சுவரெல்லாம் இங்கேயிருந்து போன சுண்ணாம்புதான். தொழிலாளர் குடியிருந்த லயம் நிறைய ஆள், சம்பள நாளில் தேர்க்கூட்டம். இப்போது மிஞ்சியிருப்பது போக்கிடம் இல்லாத சில குடும்பங்கள்.

குழி விளிம்பில் முனியாண்டி இருக்கிறார். செருப்போடு யாரும் குழிக்குள் இறங்க மாட்டார்கள். கோயிலடியில் கழற்றி வைத்துவிட்டு இறங்கி, ஏறி வந்ததும் மாட்டிக்கொள்வார்கள். மேலே செருப்புக் கிடந்தால் கீழே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். கங்காணி கோயிலடியைப் பார்த்துவிட்டுத்தான் வெடித் திரிக்கு நெருப்பு வைப்பார்.

லயத்தில் எங்களுக்குப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ஜெயராணியின் புருஷன் ராஜலிங்கம், குழித் தண்ணீரை இறைக்கிற மெசினைப் பார்த்துக்கொண்டவர். ஒரு தீபாவளி கழிந்த மழையில் மேட்டு ஓடை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. எல்லோரும் அடித்துப் பிடித்து மேலே ஓடி வந்தார்கள். லயத்து மூக்காயியின் கிடாய் ஒன்று வெள்ளத்தோடு போய்விட்டது. அவரவர் செருப்பை அவரவர் மாட்டிய பிறகு ஒரு சோடி மட்டும் கிடந்தது. ஜெயராணி தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த புதுச் செருப்பு. மெசினை நிறுத்தப் போய் அகப்பட்டுக்கொண்டார் என்று எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டோம். குழி நிரம்பியது. கொம்பனியும் மூடிக்கொண்டு போனது.

கருமாதியை முடித்துவிடு என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். "எலும்பக் கண்ணால பாக்காம நான் பொட்ட அழிக்க மாட்டேன்" என்றுவிட்டாள். செருப்பைக் கழுவி அலுமாரிக்குள் வைத்தாள். கார்மெண்ட்ஸ் ஒன்றில் கூட்டிப் பெருக்கி மகள் சர்மிளாவை வளர்த்தாள். அந்தப் பிள்ளையின் கல்யாணத்தில் சுமங்கலியாக முன்னால் நிற்பதா, ஒதுங்கிப் பின்னால் நிற்பதா என்று தெரியாமல் தாலி கட்டும்போது அடுப்படியிலேயே இருந்துவிட்டாள். பாவி மனுசி!

போன வருஷம் புது முதலாளி ஒருவர் வந்து, மறுபடி கல் எடுக்கப்போவதாகச் சொல்லித் தண்ணீரை இறைக்கத் தொடங்கினார். ஜெயராணி வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். எலும்பைக் கட்டுவதற்குப் புது வேட்டி ஒன்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டு விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தாள். நானும் கூட இருந்தேன்.

அடி தெரிந்தது. துருப்பிடித்த மெசின் வந்தது. அதற்குப் பக்கத்துச் சேற்றில் மூக்காயியின் கிடாய் கிடைத்தது. கழுத்து மணிகூட அப்படியே, ஒரு எலும்பு குறையவில்லை. சேற்றை மூலைமுடுக்கெல்லாம் வழித்து எடுத்துப் பார்த்தார்கள். மனுச எலும்பு ஒன்றுகூட இல்லை.

"இத்தன வருஷத்துல கரைஞ்சி போயிருக்கும்மா" என்றார் மேற்பார்வைக்காரர், ஆறுதலுக்கு. ஜெயராணி அந்தக் கிடாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஆள் குழிக்குள் இறங்கவே இல்லை. செருப்பைக் கண்டால் நாங்கள் என்ன நினைப்போம் என்று அவனுக்குத் தெரியும். கழற்றி வைத்துவிட்டுப் பின்பக்கப் பாதையால் நடையைக் கட்டியிருக்கிறான். எங்கே போனான், யாரிடம் போனான், யார் கண்டது? இவனுக்கு இனி என்ன 'அவர்' வேண்டிக்கிடக்கிறது!

அவள் வீட்டுக்கு வந்ததும் நானே அலுமாரியைத் திறந்து செருப்பை எடுத்து அவள் முன்னால் போட்டேன். "அக்கா, கட்டையில போறவன் உங்கள நல்லா ஏமாத்திட்டான். இதத் தூக்கி அந்தக் குழிக்குள்ளயே வீசுங்க. இவ்வளவு காலமும் உங்களச் சாகடிச்சிட்டானே!"

அவள் அழவில்லை. ஒரு செருப்பை எடுத்துத் திருப்பி, தேயாத அடியைக் கையால் தடவினாள். வேட்டி இன்னும் மடியிலேயே இருந்தது.

"ராஜகுமாரி, அந்தப் பாதை பூரா வெடிச்ச கல்லுதானே" என்றாள். "அந்த மழையில, வெறுங்காலோட, எம்புட்டுத் தூரம் நடந்திருப்பாரு?"