வருஷா வருஷம் என்று எழுதிய மனு

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையின் முதல் வாரத்தில், தலைநகரின் ஆரியசாலைக் கடைத்தெருவில், கருப்பட்டி அடுக்கிவைக்கும் ஒரு கிட்டங்கிக்குள் ஓடைத் தண்ணீர் புகுந்தது. நான் அப்போது ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு நகரசபைச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன்.

காரணத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஓடையை ஆழப்படுத்த நகரசபை எடுத்த வேலை, மதிப்பீட்டுக்கு மேல் செலவு போகிறது என்று பாதியில் நின்றுவிட்டது. கான்டிராக்டர் கருங்கல்லை ஓடைக்குள்ளேயே போட்டுவிட்டுப் போயிருந்தார். போக வழியில்லாத தண்ணீர் பக்கத்துக் கிட்டங்கியில் ஏறியது. நான் பார்த்தபோது சிப்பங்களின் கீழ்வரிசைகள் கரைந்து, மேல்வரிசைகள் சரிந்து கிடந்தன. மூன்று நாள் அந்த ஓடையில் கருப்பட்டி மணம் இருந்தது.

வியாபாரி நாஞ்சில் நாட்டுக்காரர். ஐம்பது வயதிருக்கும். அவருடைய முதல் அத்தனையும் அந்தச் சரக்கில் இருந்தது. நஷ்டஈடு கிடைத்தால் கடை இருக்கும், இல்லாவிட்டால் இல்லை.

கிடைக்க வழியும் இருந்தது. தன் மராமத்து வேலைகளால் பிறருக்கு நேரும் நஷ்டத்துக்காக நகரசபை அந்த வருஷம்தான் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தது. சபையில் நடந்த விவாதம் முழுவதும் பிரீமியம் தண்டச்செலவா என்பதைப் பற்றித்தான். பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்டதாக என் குறிப்பில் இல்லை.

நகரசபையிடம் ஈடு கேட்கும் மனுவை எழுதிக்கொடுத்தவர் அந்த வார்டின் கவுன்சிலர், கரமனை அக்கிரகாரத்து வக்கீல். கூலி வாங்கவில்லை. அவர் வீட்டு முன்னறையில் நானும் இருந்தேன். தண்ணீர் வந்தது இந்த ஒரு தடவைதான், கடை வைத்த பதினெட்டு வருஷத்தில் வாசற்படிகூட நனைந்ததில்லை என்று வியாபாரி சொன்னார். கவுன்சிலர் பேனாவை நிறுத்தினார்.

“ஒரு தடவைன்னா ஒரு பய ஏறெடுத்துப் பார்க்க மாட்டான் ஓய். வருஷா வருஷம் முங்கறதுன்னு போடறேன்.”

“அது கள்ளமாக்கும் சாமி.”

“எல்லாரும் அப்படித்தான் எழுதிக் கொடுக்கறா. நீர் ஒருத்தர் மட்டும் உத்தமரா?”

அவர் சொன்னது சரி. நகரசபைக்கு வந்த மனுக்களில் எந்தக் கஷ்டமும் புதிதாக இருந்ததில்லை. தெருவிளக்கு நேற்று அணைந்திருந்தாலும் நெடுங்காலமாக இருட்டில் தவிப்பதாகத்தான் எழுதுவார்கள். சபையும் பாதியைக் கழித்துத்தான் படிக்கும். வியாபாரி கையெழுத்துப் போட்டார். மனுவில் இருந்தபடியே நான் செய்தி எழுதினேன். உண்மை எனக்குத் தெரியும். ஆனால் மனுவில் உள்ளதைச் சொல்வதுதான் என் வேலை என்று எண்ணினேன்.

நகரசபை மனுவை அனுப்பிவைத்த இன்ஷூரன்ஸ் கம்பெனி எதையும் கழித்துப் படிக்கவில்லை. வருஷந்தோறும் நேர்வது விபத்தாகாது, நகரசபைக்கு முன்பே தெரிந்த குறை, ஆகவே பாலிசியில் அடங்காது என்று பதில் வந்தது. மனுவின் நகலோடு என் செய்தியையும் கத்தரித்து இணைத்திருந்தார்கள். நெடுநாள் குறை என்பதால் இந்த ஓடையைப் பெரிய வடிகால் திட்டத்தில் சேர்த்துக்கொள்வதாக நகரசபை தீர்மானம் போட்டது. அந்தத் திட்டத்துக்குச் சர்க்கார் இன்னும் பணம் ஒதுக்கவில்லை. கவுன்சிலர் எழுந்து தீர்மானத்துக்கு நன்றி சொன்னார். அதையும் எழுதினேன்.

அடுத்த வாரம் வியாபாரி பத்திரிகை ஆபீசுக்கு வந்தார். ஒரே தடவைதான் தண்ணீர் வந்தது என்று திருத்தம் போட முடியுமா என்று கேட்டார். போட்டால், கையெழுத்திட்ட மனுவில் பொய் சொன்னதாக அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும், கம்பெனிக்கு அது இன்னும் வசதி என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“சாரும் அன்னைக்கு அங்கனதான இருந்தீரு. ஒரு வார்த்த சொல்லியிருக்கப்பிடாதா?”

“நான் செய்தி எடுக்க வந்தவன் அண்ணாச்சி” என்றேன்.

அதுவும் நியாயம்தான் என்றார் அவர். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

ஓணத்துக்குள் கிட்டங்கி கைமாறியது. நாகர்கோவிலில் மைத்துனர் கடையில் அவர் சரக்கு நிறுத்துக் கொடுப்பதாகச் சொன்னார்கள். பத்திரிகை வேலையாக இரண்டு முறை அந்த ஊருக்குப் போனேன். கடை எந்தத் தெருவில் என்று நான் விசாரிக்கவில்லை.