மோகன்குமாரின் மைனஸ் ஒரு கிலோ

கோட்டைக்குப்பத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவள் கலைவாணி. தெரிந்த கணக்கோடு சும்மா இருந்திருக்கலாம். அவளால் முடியவில்லை.

அவள் புருஷன் மோகன்குமாருக்கும் அவன் அண்ணன் ஜெகதீஸ்வரனுக்கும் ஏரியில் ஒரே படகு. ஒருவர் கோல் ஊன்றினால் மற்றவர் வலை வீசுவார், பிறகு மாற்றிக்கொள்வார்கள். விழுந்ததெல்லாம் கரையில் ஒரே குவியல், சரிபாதி. தன் புருஷன் உழைப்பு அண்ணன் வீட்டுச் சட்டிக்குப் போகிறதென்று கலைவாணிக்கு வயிற்றெரிச்சல். ஓரகத்தி பச்சையம்மாவிடம் வாயை விட்டாள்.

“யாரு வலையில எவ்ளோ வுழுதுன்னு கணக்குப் போட்டுக் காட்டறேங்க்கா. கம்மியா புடிக்கிறவங்க படக வுட்டு எறங்கணும்.”

“சரி” என்றாள் பச்சையம்மா. அவ்வளவுதான் பேசினாள்.

திங்கட்கிழமை ஆளுக்கு இரண்டு மணி நேரம் வீசினார்கள்; குவியல் பத்துக் கிலோ. செவ்வாய்க்கிழமை அண்ணன் அதே இரண்டு மணி, தம்பி மூன்று மணி, ஒன்பது கிலோ. இரண்டு சமன்பாடுகளையும் கரும்பலகையில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி, கீழதிலிருந்து மேலதைக் கழித்தாள் கலைவாணி. இரண்டிலும் சமமாக நின்ற அண்ணன் அடிபட்டுப் போனான். அதில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட. மிஞ்சியவன் மோகன்குமார்: மணிக்கு மைனஸ் ஒரு கிலோ. அதாவது அவன் வீச வீச, படகில் கிடந்த மீனும் ஏரிக்குத் திரும்பியிருக்கிறது.

பலகையைத் துடைப்பதற்குள் பச்சையம்மா வந்து பார்த்துவிட்டுப் போனாள். மோகன்குமாரும் பார்த்தான்.

“நீ படிச்சவ. தப்பாவா போடுவ?” என்றவன் வலையைச் சுருட்டி ஆணியில் மாட்டினான். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கூலி வேலை கேட்கப் போவதற்குச் சட்டையைத் தேய்க்க ஆரம்பித்தான். கலைவாணி குறுக்கே போய்ச் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“செவ்வாக்கெழம இன்னாய்யா ஆச்சு? வலை கிழிஞ்சிச்சா?”

“நல்லாத்தான் வுழுந்துச்சு. தோணிரேவுலேர்ந்து உங்க அண்ணன் குடும்பம் வந்துச்சில்ல? நீதான எறா கேட்ட. பெருசா பாத்து நாலு கிலோ ஒதுக்குனேன்.”

“அத ஏன் சொல்லல?”

“கொயம்புக்கு எடுத்தத யாருடி மீனுன்னு எண்ணுவாங்க?”

உண்மைதான். குவியலுக்கு வருமுன் சட்டிக்குப் போவதை அந்தக் குப்பத்தில் எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அவளும்தான் சேர்க்கவில்லை, மூன்று தரம் போட்டுக்கொண்டு சாப்பிட்டதோடு சரி.

நாலையும் கூட்டிப் போட்டாள். அவன் மணிக்கு மூன்று, அண்ணன் இரண்டு. நியாயப்படி ஜெயித்தது அவள். ஆனால் பொதுக்குவியலில் சேர வேண்டியதைத் தின்ற வாயால் அதை எப்படிச் சொல்வது? ஓரகத்தி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“அக்கா, அன்னிக்கு நாலு கிலோ எறாவ நாங்கதான் துன்னோம். அவரு எறங்க வாணாம். ரெண்டு பேரும் எப்பவும் போல போவட்டும்.”

பச்சையம்மா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

“வாசன எங்க ஊடு வரைக்கும் வந்துச்சேடி. நீ கணக்குல சேர்த்திருப்பன்னு இல்ல நெனச்சேன்?”