நாற்பத்தொன்றாவது கொலை

நான் நாற்பத்தொரு முறை கொலை செய்யப்பட்டவள். இத்தனை தடவை செத்துவிட்டு ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருக்கும் ஒரே ஆள் இந்த உலகத்தில் நான்தான். சிரிக்காதீர்கள். நாற்பது கொலைகள் வேலைக்காக. எங்கள் பெண்கள் புலனாய்வுப் பிரிவில், குற்றம் நடந்த விதத்தை அதே இடத்தில் நடித்துப் பார்ப்போம். பிண வேடம் எப்போதும் எனக்குத்தான். குத்துப்பட்டிருக்கிறேன், எரிந்திருக்கிறேன், ஒருமுறை மூன்று துண்டாகக்கூடக் கிடந்திருக்கிறேன். ஆனால் நாற்பத்தொன்றாவது நடிப்பில்லை. சத்தியமாக நடந்தது.

கொலைகாரன் வேடம் கட்டுபவள் என் ஜோடி அதிகாரி. அவளை ‘ஸ்கேல்’ என்போம். அளக்க முடியாத எதையும் நம்பமாட்டாள். ஆறு வயதில், அப்பா அம்மாவை அடித்துக் கொன்றதை நேரில் பார்த்தவள். அன்று பயத்தில் வாயே திறக்கவில்லை என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்.

அன்றைய வழக்கிலும் செத்தது ஒரு மனைவிதான். சமையலறையில் வழுக்கி விழுந்து மேடை விளிம்பில் மண்டை உடைந்தது என்று சாதித்தான் புருஷன். லாக்கப்பில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தான். மாலைக்குள் ஆதாரம் கிடைக்காவிட்டால் அவனை விட்டுவிட வேண்டும்; நான்கு வயது மகளையும் அவனிடமே ஒப்படைக்க வேண்டும். அப்பா என்ற சொல்லைக் கேட்டாலே அந்தக் குழந்தை உடையை நனைத்துக்கொண்டது.

பட்டப்பகல், மூன்று மணி. சமையலறையில் சாக்பீஸ் கோட்டுக்குள் படுத்தேன். ஸ்கேல் கூடத்தில் அளவு டேப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“குறட்டை விடாம கிடங்க அக்கா. போன தடவை பிணம் தூங்கிடுச்சு.”

தரை வெதுவெதுப்பாக இருந்தது... யாரோ இப்போதுதான் எழுந்துபோன படுக்கை மாதிரி.

குழாய் சொட்டுவது நின்றது. மின்விசிறி சுற்றியது. காற்று வரவில்லை.

என் கொண்டைக்குள் விரல்கள் நுழைந்தன. ஈர விரல்கள்.

“ஏய், விளையாடாத.”

“நான் இங்கதானே இருக்கேன்...” குரல் கூடத்திலிருந்து வந்தது.

சரக்...

ஆறு ஆள் சேர்ந்தாலும் அசையாத உடம்பு என்னுடையது. அது நடைவழியில் சறுக்கிக்கொண்டு போனது. தரையைப் பிறாண்டினேன். நகம் பிய்ந்தது. குளியலறை வாசல்.

டக். கதவு நிலையில் என் தலை.

டக். கண்ணில் ரத்தம்.

டக்... வாய்க்குள் ஒரு பல் உருண்டது.

“விடுடா அவங்கள!” ஸ்கேல்.

விட்டது.

நிலையில் புதுப் பெயிண்ட் பெயர்ந்திருந்தது. அடியில் காய்ந்த ரத்தம். அதில் ஒட்டிய முடி நீளம், கறுப்பு. என் முடி அப்போதே நரை.

சமையலறையில் விழுந்தாள் என்ற அவன் பொய்யை உடைக்க அது போதுமாக இருந்தது. அவனுக்கு ஆயுள் தண்டனை. குழந்தை சித்தியிடம் போனது. எனக்கு மண்டையில் தையல். எத்தனை என்பது கேட்கும் ஆளைப் பொறுத்துக் கூடும். எனக்கு வலிப்பு வந்ததாக ஸ்கேல் அறிக்கை எழுதினாள்.

அன்று மாலை லாக்கப் காவலர் ஒன்று சொன்னார். மூன்று மணி வாக்கில் அவன் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனானாம். தூக்கத்தில் இரண்டு கைகளாலும் எதையோ இழுத்தானாம். பிறகு ஓங்கி ஓங்கி அறைந்தானாம். விலங்கு கிழித்து மணிக்கட்டிலிருந்து ரத்தம் ஒழுகியும் கண் திறக்கவில்லையாம். கெட்ட கனவு என்று ஸ்கேல் முடித்துவிட்டாள். அதன் பிறகு நான் எந்த விருந்தில் இந்தக் கதையை எடுத்தாலும், “வலிப்பு, வலிப்பு” என்று பக்கத்தில் உட்கார்ந்து மானத்தை வாங்குவாள்.

போன வாரம் வீட்டுக்கு வந்தாள். அந்தப் புருஷன் சிறையில் இறந்துவிட்டான் என்றாள். செத்துப்போன மனைவியின் பேய் ஆதாரத்தைக் காட்ட என்னை இழுத்த அழகை நான் வழக்கம்போல ஆரம்பித்தேன்.

அவள் சிரிக்கவில்லை.

“அவ உங்கள இழுக்கல அக்கா. லாக்கப்புல தூங்கிக்கிட்டே அவ கால அவன் இழுத்தான்... அவ உங்க முடியப் பிடிச்சுக்கிட்டா. விடவே இல்ல. எனக்கு மூணாவது அடிக்குத்தான் குரல் வந்துச்சு.”

“அப்போ வலிப்பு...?”

“நடந்துச்சு. நான் பார்த்தேன்.” தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். “இப்போ அவனும் அவ இருக்கிற இடத்துக்கே போயிட்டான் அக்கா.”