இருநூற்றுப் பதினான்கு பொருளும் இரண்டு கையெழுத்தும்

ஒரு பொருள் யார் பேரிலும் இல்லாமல் சும்மா கிடந்தால் ஸ்டோர்காரருக்குக் கை பரபரக்கும். பேருந்துப் பணிமனையின் உதிரிபாக அறையில் முப்பத்து நான்கு வருடம் உட்கார்ந்தவர். பல்பானாலும் பிரேக் கட்டையானாலும் அட்டை கட்டாமல் அலமாரி ஏறாது. இன்னாருக்கு என்று எழுதாமல் கம்பி ஜன்னலைத் தாண்டாது. மேலாளர் கேட்ட குண்டூசிக்கே கையெழுத்து வாங்கியவர். கல்யாணமான முதல் வாரம் வீட்டு உப்பு டப்பாவிலும் 'உப்பு' என்று அட்டை கட்டினார். "இத்தனை நாளா தெரியாமத்தான் சமைச்சேனா?" என்று மனைவி கேட்டதும் அந்த வியாதி வீட்டு வாசலோடு நின்றது. நின்றது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவள் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். இருவருக்கும் ஒரே வருடத்தில் ஓய்வு. பிள்ளைகள் இல்லை. வீடு அவர் பேரில் இருந்தது. அவருடைய தம்பி வரும்போதெல்லாம் கூடத்தைக் காலடியால் அளந்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்.

"நீங்க எழுதி வைக்கலைன்னா, நாளைக்கு அவரு பங்கு கேட்டு வந்து நிப்பாரு. இந்த வயசுல உங்க வீட்டம்மாவைக் கோர்ட்டுப் படி ஏற வச்சிடாதீங்க" என்றார் தொழிற்சங்க வக்கீல். பணியில் இருக்கும் ஊழியருக்கும் அவர் துணைக்கும் சங்கமே இலவசமாக உயில் எழுதித் தரும். கடைசி வேலை நாள் மாலை நான்கு மணிவரைதான் அந்தச் சலுகை. அதற்குப் பிறகு வெளி வக்கீலிடம் போனால் இவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

கடைசி நாளன்று மதியம் இரண்டு மணிக்குச் சங்க அறையில் இருவரும் ஆஜரானார்கள். மனைவியின் உயில் மூன்றே வரி. கேன்டீன்காரரும் காவலாளியும் சாட்சி போட, இரண்டு நிமிடத்தில் அவள் வேலை முடிந்தது.

ஸ்டோர்காரருடையது இருபத்து மூன்று பக்கம். வீடு மனைவிக்கு என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டார். அப்புறம் பழக்கம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஏணி ஃபோர்மேனுக்கு. கேஸ் அடுப்பு கேன்டீன்காரருக்கு. கட்டில் காவலாளிக்கு. சுவர்க் கடிகாரம் டைப் அடித்துக் கொடுத்த பெண்ணுக்கு. குடை வக்கீலுக்கே. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு பொருள், வரிசை எண்ணோடு.

"சாட்சி ரெண்டு பேர் வேணும். உயில்ல யாருக்கு ஏதாவது வருதோ அவங்க போடக்கூடாது. ஆனா உங்களை நல்லாத் தெரிஞ்சவங்களா இருக்கணும்" என்றார் வக்கீல்.

ஸ்டோர்காரர் பட்டியலைப் புரட்டினார். அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் உயிலுக்குள்ளே இருந்தார்கள்.

"உன் பேரை அடிச்சிட்டுச் சாட்சி போடேம்மா" என்று டைப் அடிக்கும் பெண்ணிடம் கெஞ்சினார்.

"போங்க சார். அந்தக் கடிகாரத்தை எங்க மாட்டுறதுன்னு ஆணிகூட அடிச்சாச்சு."

ஃபோர்மேன் இன்னும் மோசம். "ஏணி எனக்கு எப்ப சார் கிடைக்கும்?"

"நான் செத்தப்புறம்."

"அது தெரியுது. எப்ப?"

இதற்குள் விஷயம் பணிமனை முழுக்கப் பரவி, சங்க அறை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. தனக்கு வந்த பிளாஸ்டிக் நாற்காலிக்கு ஒரு கால் ஆடும் என்று கண்டக்டர் ஒருவர் முறையிட்டார். மணி மூன்றைத் தாண்டியது. மனைவி ஃபோனை எடுத்தாள்.

"யாருக்குப் போடுற?"

"உங்களைத் தெரிஞ்சவரு, நீங்க ஒரு துரும்பும் குடுக்காதவரு. ஊர்ல அப்படி ஒருத்தர்தானே இருக்காரு?"

பக்கத்து வீட்டு டிரைவிங் மாஸ்டர்! பதினோரு வருடத்துக்கு முன் அவர் ஸ்பேனர் இரவல் கேட்க, ஸ்டோர்காரர் கையெழுத்துக் கேட்க, அன்றோடு இரண்டு ஆண்களுக்கும் பேச்சு நின்றது. பெண்கள் மட்டும் மதில்மேல் தினமும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றரைக்கு ஸ்கூட்டர் வந்தது. மாஸ்டர் இறங்கினார், பின்னால் அவர் மனைவி.

"ஸ்பேனருக்கே கையெழுத்துப் போடாதவன் நான்" என்றார் மாஸ்டர், ஜன்னலைப் பார்த்து.

"அதெல்லாம் அப்புறம் பேசலாம், முதல்ல பேனாவைப் பிடிங்க" என்றாள் அவர் மனைவி.

"படிக்காமப் போடமாட்டேன். ஓட்டிப் பாக்காம லைசென்ஸ் குடுக்க முடியுமா?"

சாட்சி படிக்க வேண்டியதில்லை என்று வக்கீல் சொல்லிப் பார்த்தார். மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உண்மையில் அவர் தன் பேரைத்தான் தேடினார். பக்கம் புரளப் புரள முகம் தொங்கியது. "இருநூத்திப் பதினாலுல ஒரு திருகாணிகூடவா எனக்கு இல்ல?"

ஸ்டோர்காரருக்கு மனசு கேட்கவில்லை. "இரும்பு வாளி வேணா..."

"குடுக்காதீங்க!" என்று வக்கீல் அலறினார். "குடுத்தா இவரும் போச்சு!"

மாஸ்டர் மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். விரலை வைத்து எதையோ எண்ணினார். பிறகு ஸ்டோர்காரர் மனைவியைப் பார்த்தார். "ஏம்மா, வீடு உங்களுக்கு. சரி. அடுப்பு கேன்டீனுக்கு. கட்டில் வாட்ச்மேனுக்கு. ஃபேன், பாய், தண்ணிக் குடம் எல்லாம் ஆளுக்கு ஒண்ணா போயிருக்கே. இவரு காரியம் முடிஞ்ச மறுநாள் நீங்க தரையில உக்காந்து சுவத்தையா பாப்பீங்க?"

வக்கீல் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். டைப் அடித்த பெண் உதட்டைக் கடித்தாள்.

"நான் எங்கங்க படுக்கிறது?" என்றாள் மனைவி, மெதுவாக.

ஸ்டோர்காரர் வக்கீல் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார். அவள் பேரில் அட்டை கட்ட அவருக்குத் தோன்றவே இல்லை. தானும் அவளும் ஒன்றுதானே, அட்டை எதற்கு என்று இருந்துவிட்டார். கண் கலங்கியது.

மணி மூன்று ஐம்பது. வக்கீல் ஒரே ஒரு வரி சேர்த்தார்: மேற்படி பொருள்கள் யாவும் மனைவியின் அனுபவத்தில் இருந்து, அவர் காலத்துக்குப் பிறகே உரியவர்களுக்குச் சேரும். கடிகாரம் போனாலும் போகட்டும் என்பது போல டைப் பெண் தடதடவென்று அடித்தாள். ஸ்டோர்காரர் போட்டார். மாஸ்டர் போட்டார், மாஸ்டர் மனைவி போட்டாள். நான்கு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது முத்திரை விழுந்தது.

வாசலில் காத்திருந்த கூட்டத்துக்கு வக்கீல் புது வரியைப் படித்துக் காட்டினார். ஃபோர்மேன் ஸ்டோர்காரர் மனைவியை மேலும் கீழும் பார்த்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுல எல்லாரும் எத்தனை வயசு வரைக்கும்?"

"எங்கம்மாவுக்குத் தொண்ணூத்தாறு. காலையில எங்க வீட்டுக்கு நடந்தே வந்தாங்க" என்றாள் அவள்.

கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்து வேலைக்குத் திரும்பியது. மாஸ்டர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பித் தன் மனைவி கையில் கொடுத்தபடி, பதினோரு வருடத்தில் முதல் தடவையாக ஸ்டோர்காரரிடம் நேரடியாகப் பேசினார்:

"இவங்க ரெண்டு பேரும் ஸ்கூட்டர்ல போகட்டும். நாம பஸ்ல போகலாம், வாங்க."